நாற்பதுக்குப் பின் ஒரு முதல் நாவல்



"இந்த வயசுல நாவலா, சேர்?"

சென்ற தவணை விடுமுறையில் பதுளை பஸ் நிலையத்தில் சந்தித்த ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் தோட்டத்துக் கதையை முப்பது வருடமாக மனத்தில் சுமந்து திரிகிறார். "எழுதுங்கள் ஐயா" என்றேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி. பஸ் வந்துவிட்டது, என்னால் விடை சொல்ல முடியவில்லை. இன்றைய உரை அவருக்கான விடைதான்.

தமிழ் நாவலின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தபோது, 1826இல் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஐம்பதைக் கடந்திருந்தார். நமது நாட்டின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வந்தது. அதனை எழுதிய கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை 1838இல் பிறந்தவர். ஆங்கிலத்திலும், டானியல் டீபோ 1719இல் 'ராபின்சன் குரூசோ'வை வெளியிட்டபோது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆகவே வயது நாவலுக்குப் பகையன்று. வாழ்ந்து முடித்த காலத்தைத் திரும்பிப் பார்க்கும் கலைக்கு, பார்ப்பதற்கென்று ஒரு காலம் பின்னால் இருக்கத்தானே வேண்டும்?

ஆனால் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். சித்திலெவ்வையோ 1882இலேயே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். மேசையும் அச்சகமும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. ஊவாத் தோட்டங்களின் கதை வேறு. விடியுமுன் பெரட்டு, பகல் முழுவதும் மலை, இரவில் ஒரு லயக் காம்பிராவுக்குள் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் பாடமும் ஒரே குப்பி விளக்கில். பல தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டன. அவற்றை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களில்தான். நாவல் எழுதும் கை இங்கே தாமதமாக வந்ததற்குச் சோம்பல் காரணமன்று, வரலாறே காரணம்.

அந்தக் கைகளுள் ஒன்றைப் பார்ப்போம். புகையிரதப் பாதை 1924இல் பதுளையை வந்தடைந்தது. பத்து ஆண்டுகளின் பின், 1934இல், பதுளைக்கு முந்திய நிலையமான ஹாலிஎலவை அண்டிய ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரின் மகனாகப் பிறந்தார் சந்தனசாமி ஜோசப். பின்னர் தெளிவத்தைத் தோட்டத்தில் பணியாற்றி, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக எழுதிக்கொண்டார். 1960களில் சிறுகதை எழுதத் தொடங்கி, வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசுகள் பெற்றார். அப்போட்டிக் கதைகளின் தொகுப்பு 1971இல் 'கதைக்கனிகள்' என வெளிவந்தது. நூலாக வந்த அவரது முதல் நாவலான 'காலங்கள் சாவதில்லை'யை 1974இல் வீரகேசரி வெளியிட்டது. அப்போது தெளிவத்தை ஜோசப்புக்கு வயது நாற்பது.

ஏன் முதலில் சிறுகதை, பிறகு நாவல்? சிறுகதையை ஓரிரு இரவுகளில் எழுதிவிடலாம். பத்திரிகைக்கு ஒரு தபால் உறையில் அனுப்பிவிடலாம். நாவலோ மாதக்கணக்கான இரவுகளைக் கேட்பது. எழுதி முடித்தாலும் யார் அச்சிடுவார்? தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி 1970களின் முற்பகுதியில் கட்டுப்படுத்தப்பட்ட பிறகே உள்ளூர் நூல்களுக்கு ஒரு சந்தை விரிந்தது. வீரகேசரி வெளியீடுகள் பெருகியதும் அக்காலத்தில்தான். நாற்பது வயது எழுத்தாளனும் அச்சுக்கூடத்தின் கதவும் ஒரே நேரத்தில் தயாராயின.

இன்னொரு தடையும் இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென எழுதியது. இன்று பக்கத்துக் காம்பிராவில் இருப்பவர் நாளை கோச்சியேறிப் போய்விடுவார். நாவலுக்கு ஊரும் உறவும் வேண்டும். இங்கே ஊரே கலைந்துகொண்டிருந்தது. அந்தக் கலைதலுக்கு நடுவில் இருந்துதான் 'காலங்கள் சாவதில்லை' என்று ஒருவர் தலைப்பிட்டார் என்பதை நாம் மறக்கலாகாது.

தாமதத்துக்கு இன்னொரு சாட்சி சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினர், தொழிற்சங்கவாதி, ஆங்கிலத்திலும் எழுதியவர். பத்திரிகையில் முன்பே தொடராக வந்த அவரது 'வீடற்றவன்' 1981இல்தான் நூலாயிற்று. 'இனிப் படமாட்டேன்' வெளிவந்தது 1984இல்; அவர் காலமானதும் அதே ஆண்டில்தான். இன்னும் ஓராண்டு பிந்தியிருந்தால் அந்நூலை அவர் கையில் வாங்கியிருக்க மாட்டார். தாமதம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

இனி, ஒரு தமிழாசிரியனாக என் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையில் 'பெரட்டுக்களம்', 'அரைப்பேர்', 'பிள்ளைக் காம்பிரா' என்ற சொற்களின் கீழெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டேன். 'கொச்சை, திருத்துக' என்றும் எழுதினேன். அவள் திருத்தினாள். திருத்திய கட்டுரையில் இலக்கணம் இருந்தது, பாட்டி இல்லை. நாற்பதைத் தாண்டி நானும் ஒரு கொப்பியில் நாவலொன்றைத் தொடங்கியபோதுதான் அது புரிந்தது. பாத்திரம் வாயைத் திறக்குமுன்பே எனக்குள் இருக்கும் சிவப்புப் பேனா கோடு போட்டுவிடுகிறது. காலந்தாழ்த்தி எழுத வருபவரின் மிகப் பெரிய தடை முதுமையன்று. இத்தனை காலம் கற்ற 'சரியான' தமிழ்தான். எந்தச் சொல்லையெல்லாம் நாம் வெட்கத்தோடு விட்டுவந்தோமோ, அந்தச் சொற்களில்தான் நாவல் இருக்கிறது.

உயிரோடிருக்கும் மனிதரைப் பற்றி எழுதும் தயக்கமும் உண்டு. கங்காணியின் பேரன் என் வகுப்பில் இருக்கலாம். கணக்கப்பிள்ளையின் மகள் பக்கத்து வீட்டில் இருக்கலாம். இளைஞன் கோபத்தில் எழுதிவிடுவான். நடுவயதினன் யோசிப்பான். ஆனால் அந்த யோசனையே, கங்காணியையும் ஒரு மனிதனாகப் பார்க்கும் கண்ணைத் தரும். இது வயது தரும் கொடை.

தெளிவத்தை ஜோசப் நாற்பதோடு நிற்கவில்லை. 'பாலாயி' குறுநாவல்கள் 1997இலும், 'குடை நிழல்' நாவல் 2010இலும் வந்தன. பின்னதை வெளியிட்டபோது அவருக்கு வயது 76. 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தார்.

பஸ் நிலையத்தில் சந்தித்த பெரியவரே, இந்த உரையை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். நாவல் என்று எண்ணி அஞ்ச வேண்டாம். உங்கள் தோட்டத்து மலைகளின் நம்பர்களை முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு மலைக்கும் கீழே, அங்கே கொழுந்தெடுத்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். அவர்களில் எத்தனை பேர் கோச்சியேறிப் போனார்கள், எத்தனை பேர் அந்த மண்ணுக்கே உரமானார்கள் என்பது செக்ரோலில் இராது. உங்களிடம் மட்டுமே இருக்கிறது. உங்களோடு அது போய்விடக்கூடாது.

எழுதியதைக் கொண்டு வாருங்கள், ஐயா. நான் வாசிக்கிறேன். சிவப்புப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன்.