ஜான் ஜேயும் அபிகாயிலும்

ஜான் ஜேயின் தாத்தா அகுஸ்து ஒரு ஹூகனாட். விசுவாசத்தினிமித்தம் பிரான்சின் லா ரோஷெல் பட்டணத்திலிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்தவர். பேரன் 1745இல் நியூயார்க்கில் பிறந்து வழக்கறிஞரானார்.

1782இல் பாரிசில் பிரிட்டனோடு சமாதானப் பேச்சு. பிரிட்டிஷ் பிரதிநிதி ஆஸ்வால்ட் கொண்டுவந்த அதிகாரப் பத்திரம் அமெரிக்காவைக் 'காலனிகள்' என்றே அழைத்தது. வயதில் மூத்த பிராங்க்ளின் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஜே விடவில்லை. 'ஐக்கிய நாடுகள்' என்று திருத்தி வந்த பிறகே பேச்சு நடந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பிடிவாதமா? அந்தச் சொல்லில்தான் விடுதலையே இருந்தது.

ஒப்பந்தம் 1783 செப்டம்பரில் கையெழுத்தானது. அடுத்த மாதம், அதே பாரிசில், ஜே வீட்டு அடிமைப்பெண் அபிகாயில் ஓடிப்போனார். ஜே அப்போது இங்கிலாந்தில் இருந்தார். அபிகாயிலைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். நோயுற்ற அவர் வீடு திரும்பியபின் இறந்தார். அவர் கேட்டதும் ஜே கேட்டதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1785இல் ஜே நியூயார்க்கின் அடிமை விடுதலைச் சங்கத்துக்குத் தலைவரானார். அப்போதும் அவரிடம் அடிமைகள் இருந்தார்கள்! 1789இல் நாட்டின் முதல் தலைமை நீதிபதி. 1794இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கைக்காக ஊர் ஊராய் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். பின்பு ஆளுநராகி, 1799இல் படிப்படியான விடுதலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவ்வாண்டு ஜூலை 4க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பெண் 25 வயதுவரை, ஆண் 28 வயதுவரை உழைக்க வேண்டும், பிறகே விடுதலை.

1821இல் அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் தலைவரானார். நியூயார்க்கில் அடிமைத்தனம் 1827இல் ஒழிந்தது. ஜே 1829இல் மரித்தார்.