ஊதுவத்தியில் உள்ள ‘ஊது’

ஊதுவத்தி என்னும் சொல்லை அறியாத தமிழர் எவருமிலர். கோயிலிலும் தர்காவிலும், மணவீட்டிலும் மய்யித்து வீட்டிலும் அது புகைகின்றது. ஆயினும் அச்சொல்லின் முற்பகுதி யாது என வினவினால், வாயால் ஊதுதல் என்னும் தமிழ் வினையே அது என்று பெரும்பாலோர் விடை கூறுவர். அவ்வாறன்று. ‘ஊத்’ என்பது அரபுச் சொல். மரக்கட்டை என்பது அதன் நேர்ப்பொருள். மணப்பொருளின் பெயராக வருங்கால் அகிற்கட்டையைக் குறிக்கும். அகிற்பொடி சேர்ந்த வத்தியே ஊதுவத்தி. கன்னடரும் மராத்தியரும் இப்பெயரையே சிறிது திரித்து வழங்குகின்றனர். கடைத்தெருவில் இன்று விற்கும் வத்தியில் அகில் பெயரளவிற்கேனும் உண்டா என்பது வேறு செய்தி.

இச்சொல்லை ஈண்டு எடுத்தமைக்குக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக நம் இல்லங்களில் ‘ஊத்’ மணத்தின் மீது பெருமோகம் வந்துள்ளது. வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் பேரீத்தம் பழத்திற்கு அடுத்த இடம் ஊத் குப்பிக்குத்தான். மதுரை காஜிமார் தெருவில் ஜும்ஆ முடிந்து வெளிவரும் இளைஞரின் ஆடையில் மல்லிகை அத்தரும் ரோஜா அத்தரும் கமழ்ந்த காலம் போய், கனத்த கட்டை வாசமே மேலோங்கி நிற்கின்றது. மோகம் நம்மவரோடு நின்றுவிடவுமில்லை. பாரிஸ் நகரத்து ஈவ் சான் லோரான் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் ‘எம் 7’ என்ற பெயரிலும், அமெரிக்கரான டாம் ஃபோர்டு 2007ஆம் ஆண்டில் ‘ஊத் வுட்’ என்ற பெயரிலும் ஊத் மணத்தை மேலை நாட்டுக் கடைகளில் ஏற்றினர். அதன்பின் ஊத் என்ற சொல் இல்லாத வாசனைக் கடையே உலகில் இல்லை எனலாம்.

நம் இளைஞர் இதனை ‘அரபு மணம்’ என்கின்றனர். அது பாதி உண்மை. அரபு மண்ணில் அகில் மரம் முளைப்பதில்லை. அஸ்ஸாம், பர்மா, கம்போடியா, மலாயா, சுமத்திரா ஆகிய ஈரக் காடுகளே அதன் தாயகம். அம்மரம் காயமுற்று, காயத்தின் வழியே பூஞ்சை புகும்போது, தன்னைக் காத்துக்கொள்ள உள்ளே கரிய பிசினைச் சுரக்கின்றது. பிசின் ஊறிய அந்தக் கட்டையே அகில். நலமுள்ள மரத்தில் மணமில்லை. அக்காடுகளுக்கும் அரபகத்திற்கும் இடையே கிடந்த கடல்வழி நம் தமிழ்க் கரையைத் தொட்டே சென்றது. அவ்வழியின் கிளை ஒன்று மதுரைக்குள்ளேயே வந்தது.

இதற்குச் சான்று சிலப்பதிகாரத்தில் உளது. ஊர்காண் காதையில், கீழைக் காற்று மதுரைக்குள் புகுவதைக் கூறவந்த இளங்கோவடிகள், தொண்டித் துறையில் மரக்கலங்கள் கொணர்ந்த அகில், துகில், சந்தனம், வாசப்பொருள், கருப்பூரம் ஆகியவற்றின் மணத்தைச் சுமந்து அக்காற்று வருவதாகப் பாடுகின்றார். அகிலும் கருப்பூரமும் மதுரைக்குக் கிழக்கேயிருந்து வந்தன என்பதை அவர் காலத்தவர் நன்கறிந்திருந்தனர்.

அடிகளைக் காட்டிலும் நம் ஆய்வுக்கு உதவுபவர் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார். இவரைப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்பர். இவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டில் அச்சேற்றினார். மேற்கூறிய இடத்திற்கு உரை எழுதுங்கால், ஒவ்வொரு பொருளின் வகைகளையும் வணிகர் கணக்கேடு போல இவர் அடுக்கிச் செல்கின்றார். அகிலுக்கு அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என நான்கு பெயர். முதல் மூன்றும் ஊர்ப்பெயர்களே: அருமணம் கீழைப் பர்மா, தக்கோலம் மலாய்த் தீபகற்பத்துத் துறை, கிடாரம், இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படைசெலுத்திய கடாரம். கருப்பூர வகைகளில் ‘வரோசு’ என ஒன்று வருகின்றது. அது சுமத்திராவின் பாரூஸ் துறை.

மத்ரஸாவில் அரபு நூல்களோடு பழகியவருக்கு இப்பட்டியலைக் காணும்போது பழகிய முகத்தைக் கண்டது போலிருக்கும். அரபு ஆசிரியர்களும் ஊதை இவ்வாறே துறைப்பெயரால் பிரித்தனர். ஸன்ஃபீ என்பது சம்பா நாட்டு ஊத். கிமாரீ என்பது கெமர் நாட்டு ஊத். காமரூனீ என்பது காமரூபத்து ஊத். சிறந்த கருப்பூரத்தை அவர்கள் ‘ஃபன்ஸூரீ’ என்றனர். ஃபன்ஸூர் என்பதும் பாரூஸ் பக்கத்துத் துறையே. தமிழ் உரையாசிரியரும் அரபு நூலாசிரியரும் ஒருவரை ஒருவர் அறியார். இருவரும் ஒரே சந்தையை அறிந்தனர்.

அடியார்க்கு நல்லார் ‘வாசம்’ என்பதற்குத் தரும் பட்டியல் இன்னும் வியப்புக்குரியது. அதில் கத்தூரி, குங்குமம், பனிநீர், புழுகு, இலவங்கம் ஆகியவற்றோடு அம்பர், சவாது, வசுவாசி ஆகியனவும் நிற்கின்றன. அம்பர் அரபு ‘அன்பர்’. சவாது அரபு ‘ஸபாத்’. சாதிபத்திரியாகிய வசுவாசி அரபு ‘பஸ்பாஸா’. சமணர் காப்பியம் ஒன்றிற்குத் தமிழ்ப் புலவர் எழுதிய உரையில் இம்மூன்று சொற்களும் எவ்வித விளக்கமும் வேண்டாத வீட்டுச் சொற்களாக அமர்ந்துள்ளன. மேற்கூறிய காலக் கணிப்புச் சரியாயின், மாலிக் காஃபூர் 1311ஆம் ஆண்டில் மதுரைக்கு வருவதற்கு முன்பே இவை தமிழாகிவிட்டன. படையெடுப்பு கொணர்ந்த சொற்கள் அல்ல இவை, பண்டமாற்று கொணர்ந்தவை. (அப்படைத்தலைவரின் பெயரே கருப்பூரம் என்று பொருள்படுவது ஒரு வேடிக்கை. அக்காலத்தில் அடிமைகளுக்குக் காஃபூர், அன்பர் எனப் பெயரிடுதல் வழக்கம்.)

கொடுத்தவர் அரபியர், கொண்டவர் தமிழர் என்று ஒருவழிப்பாதையாக இதனை எண்ணிவிடலாகாது. குர்ஆன் ஷரீஃபில் சுவர்க்கத்துப் பானத்தோடு சேர்த்துக் கூறப்படும் ‘காஃபூர்’, ‘மிஸ்க்’ என்னும் இரு சொற்களுமே கிழக்கிலிருந்து அரபுக்குச் சென்றவை என்று மொழிநூலார் கூறுவர். அரபு ‘ஸந்தல்’ நம் சந்தனம். பத்தாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மஸ்ஊதீ, தலையாய மணப்பொருள்கள் ஐந்து என எண்ணி, கஸ்தூரி, கருப்பூரம், ஊத் மூன்றும் இந்தியாவிலிருந்தும் அதனை அடுத்த நாடுகளிலிருந்தும் வருவன என்கிறார். பாண்டியர் ஆட்சியின் கடைநாளில் இவ்வணிகம் எவ்வளவு பெருகியதென்பதை வஸ்ஸாஃப் எழுதிய பாரசீக வரலாறு காட்டும். மஃபர் எனப்பட்ட இக்கரையின் துறைகள் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் என்ற முஸ்லிம் அமைச்சரின் பொறுப்பில் இருந்தன. அங்கு வந்த கலங்களில் குதிரைகள் இறங்கின. கீழை நாட்டுப் பண்டங்கள் ஏறின.

ஒரு சிறு திருத்தமும் இங்கே கூறத்தக்கது. ஊத் விற்போர் சிலர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘ஊத் ஹிந்தீ’யை மருந்தாகப் பரிந்துரைத்தார்கள் என்னும் ஹதீஸைத் தம் சரக்கிற்கு விளம்பரமாக்குகின்றனர். அந்த ஹதீஸில் வருவது ‘குஸ்த்’ எனப்படும் கோஷ்டம் என்னும் வேர் என விரிவுரையாளர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். அகிற்புகையைக் குறிக்க ஹதீஸ்களில் வரும் சொல் ‘அலுவ்வா’. பெயரொற்றுமையால் பொருளொற்றுமை வாராது.

இனி இன்றைய குப்பியைத் திறந்து பார்ப்போம். அத்தர் என்பது ‘இத்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. கன்னௌஜ் நகரத்தார் செம்புக் கொப்பரையில் பூவையும் நீரையும் இட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைச் சந்தனத் தைலத்திற்குள் இறக்குவர். அதுவே முறைப்படியான அத்தர். சந்தனத் தைலத்தின் விலை ஏறியபின், அவ்விடத்தில் பாரஃபின் எண்ணெய் முதலியன புகுந்துவிட்டன. அம்பர் திமிங்கிலத்தின் குடலில் விளைவது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதனை விற்றல் குற்றம். கஸ்தூரி மானுக்கும் அதே காப்பு. ஆகவே நம் கடைகளில் அம்பர், கஸ்தூரி என்ற பெயரோடு விற்பவை வேதியியல் கூடத்தில் பிறந்தவை என்று கொள்வதே தகும். காட்டு அகிலும் அருகிவிட்டது. மலாயா அகில் மரத்தின் வணிகத்திற்கு 1995 முதல் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊத் தெளிப்பானில் எந்த மரத்தின் கட்டையும் இராது.

போலிப் பொருள் செய்தல் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் அல்-கிந்தீ, வாசனைகளின் வேதியியலும் வடித்தலும் பற்றி எழுதிய நூலில் நூற்றுக்கு மேற்பட்ட செய்முறைகளைத் தருகின்றார். விலையுயர்ந்த சரக்கிற்கு மாற்றுச் சரக்கு செய்யும் வழிகளும் அவற்றுள் அடங்கும். ஆனால் அக்காலத்து வாங்குவோன் முகர்ந்து ஊர் சொல்லவல்லவனாயிருந்தான். இது கிடாரம், இது அருமணம் என்றான். நாம் குப்பியின் மூடியிலுள்ள பொன்முலாமைக் கண்டு வாங்குகின்றோம். எமக்கு வருத்தம் தருவது இந்த அறியாமையே. போலிச் சரக்கு அதற்கு அடுத்தபடிதான்.

(மதுசாரம் கலந்த தெளிப்பானைப் பூசித் தொழலாமா என்னும் வினாவை ஒவ்வொரு ரமலானிலும் எம்மிடம் கொணர்கின்றனர். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உள்ள பொருள் அது. இக்கட்டுரை ஃபத்வா அன்று.)

மதுரைக்கென்று ஒரு மணம் உண்டு, அது மல்லிகை. இதுவேனும் எவர்க்கும் கடன்படாத தனித்தமிழ்ச் சொத்து என்று எண்ணுவோமாயின், அங்கும் அரபு குறுக்கே வருகின்றது. தாவரநூலார் இச்செடிக்கு இட்ட பெயர் ‘ஜாஸ்மினம் சாம்பக்’. முதற்சொல் பாரசீக, அரபு வழக்கிலுள்ள ‘யாஸமீன்’. இரண்டாவது ‘ஸன்பக்’. பழைய அரபு மருத்துவ நூல்களில் ஸன்பக் என்பது மல்லிகை ஊறிய நல்லெண்ணெயைக் குறித்தது. இன்றைய அரபியில் அல்லிமலருக்குப் பெயராகிவிட்டது. மல்லிகையை இன்று அரபியர் ‘ஃபுல்’ என்பர். யமன் நாட்டு மணப்பெண்கள் நம் பெண்களைப் போலவே அதனைச் சரமாகச் சூடுகின்றனர்.

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013ஆம் ஆண்டில் கிடைத்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், நிலக்கோட்டை வட்டாரங்களில் விடியுமுன் பெண்கள் மொட்டுக்களைக் கிள்ளி எடுக்கின்றனர். காலையில் மாட்டுத்தாவணிச் சந்தை. மாலையில் கூந்தலில் மலர்ச்சி. மார்கழி, தை மாதங்களில் பனியால் விளைச்சல் குன்றி, பொங்கலையொட்டிக் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறும். கோடையில் பூ குவிந்து விலை சரியும். அப்போது சூடுவோர் கொள்ளாத மலரை வாசனை ஆலைகள் கொள்கின்றன.

ஆலையின் வேலை இரவில்தான். மொட்டில் மணமில்லையாதலால், மாலை வரை காத்திருந்து, பூ வாய்திறந்தபின் எடுத்துக்கொள்வர். கொதிநீரின் வெப்பத்தை மல்லிகை தாங்காது. எனவே ஹெக்ஸேன் என்னும் கரைப்பானில் அதனைக் கழுவி, பின் கரைப்பானை நீக்கினால் மெழுகு போன்ற பொருள் எஞ்சும். அத்தொழிலில் அதற்குக் ‘கான்கிரீட்’ என்று பெயர். கட்டடக் கலவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆயிரம் கிலோ மலர் தருவது ஒன்றிரண்டு கிலோ மெழுகே. அதனை மதுசாரத்தால் மீண்டும் கழுவிப் பெறும் தூய சாறு பிரான்சு முதலிய நாடுகளுக்குச் செல்கின்றது. கிராஸ் நகரத்தாரின் நறுமணக் கலைக்கு 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மரபுச் சிறப்பு அளித்தது. அங்கே குப்பியில் அடைபட்டுத் திரும்பும் மணத்தின் மேல் பாரிஸ் என்றிருக்கும். மதுரை என்றிருத்தல் அரிது. அகிலையும் கருப்பூரத்தையும் துறைப்பெயர் சொல்லி வாங்கிய ஊர், தன் பூவின் சாற்றைப் பெயரின்றி விற்கின்றது.

இம்மல்லிகைக்கும் ஒரு துறைப்பெயர் உண்டு. மதுரைச் சீமையில் நடுவதற்கான நாற்றுக்கள் இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்து மணற்பாங்கில் பதியனிடப்பட்டு, கட்டுக் கட்டாக வருகின்றன. தொண்டி அங்கிருந்து வடக்கே, அதே கீழைக் கரையில் உள்ளது.