ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் (வீட்டுப் பயன்பாடு)

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் என்பது கைப்பேசி, சிடி பிளேயர், இசைத்தட்டுக் கருவி போன்றவற்றிலிருந்து வரும் மெல்லிய மின்குறிகையை இரண்டு ஸ்பீக்கர்களை இயக்கும் அளவுக்குப் பெருக்கித் தரும் கருவி. 'ஒலிபெருக்கி' என்ற சொல் கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரையும் சேர்த்துக் குறிப்பதால், மக்கள் வழக்கில் உள்ள ஆம்ப்ளிஃபையர் என்ற சொல்லே இங்கு எடுத்தாளப்படுகிறது. பாட்டு வரும் கருவி பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய்க் கைப்பேசி வந்தது. நல்ல ஆம்ப்ளிஃபையர் இவை எல்லாவற்றையும் தாண்டி 30 ஆண்டு உழைக்கும். ஆகவே கைக்காசு குறைவாக உள்ளவர் இதை வாங்கும்போது வாட் கணக்கைவிட, பழுதானால் சரிசெய்ய முடியுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

வரலாறு

ஸ்டீரியோ ஒலிப்பதிவுக்கான அடிப்படைக் காப்புரிமைக்கு 1931-இல் விண்ணப்பித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆலன் புளூம்லைன். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாகக் கடைக்கு வந்தது 1958-இல். அடுத்த பத்தாண்டில் வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்தது. 1970-களில் உற்பத்தியாளர்கள் வாட் எண்ணிக்கையை ஏற்றி ஏற்றி விளம்பரம் செய்ததால், தொடர்ச்சியாகத் தரக்கூடிய திறனையே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-இல் விதி கொண்டுவந்தது. நம் ஊர்ப் பெட்டிகளில் பிற்காலத்தில் வந்த 'பிஎம்பிஓ' (கண நேர உச்சத் திறன்) எண்கள் அப்படி எந்த விதிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. 'ஆர்எம்எஸ்' (தொடர் திறன்) என்று போட்டு, எத்தனை ஓம் ஸ்பீக்கரில் என்றும் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

என்ஏடி 3020

மலிவும் உழைப்பும் ஒரே பெட்டியில் அமையும் என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது என்ஏடி நிறுவனத்தின் 3020. 1972-இல் லண்டனில் தொடங்கிய அந்த நிறுவனம் 1978-இல் இதை வெளியிட்டது. வடிவமைத்தவர் நார்வேயைச் சேர்ந்த எரிக் எட்வர்ட்சன். குறிப்புத்தாளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 20 வாட் மட்டுமே. பார்வைக்குச் சாம்பல் நிற பிளாஸ்டிக் முகப்பு, பளபளப்பு எதுவும் இல்லை. ஆனால் பாட்டில் மிருதங்கமோ டிரம்ஸோ ஓங்கி ஒலிக்கும் அந்தக் கணத்தில், 8 ஓமில் 40 வாட் வரை இழுத்துக் கொடுக்கும். 4 ஓமுக்குக் கீழே இறங்கும் முரட்டு ஸ்பீக்கர்களையும் திணறாமல் ஓட்டும். எல்லை மீறும்போது ஒலி சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல வளைந்துகொடுக்க ஒரு சுற்றும் அதில் இருந்தது. காசை முகப்பில் போடாமல் உள்ளே போட்டார்கள். 40 ஆண்டு கழிந்தும் அதைத் தட்டித் துடைத்து ஓட்டுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

எத்தனை வாட் போதும்?

12க்கு 14 அடி அறையில், ஒரு வாட்டுக்கு 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரை வைத்துக் கேட்டால், பெரும்பாலான நேரம் ஓடுவது ஒன்றிரண்டு வாட்தான். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டும். 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதில் தெரியும் வேறுபாடு அவ்வளவே. ஆகவே 20 முதல் 50 வாட் வரையுள்ள நேர்மையான ஆம்ப்ளிஃபையர் வீட்டுக்குத் தாராளம். அதையும் முழு வால்யூமில் வைத்து முறுக்கினால் ஒலி வெட்டுப்பட்டு, முதலில் கருகுவது ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் டிவீட்டர்.

எது முதலில் கெடுகிறது

டிரான்ஸ்ஃபார்மர் எளிதில் சாவதில்லை. சாவது மின்சாரப் பகுதியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர். அதன் உள்ளிருக்கும் நீர்மம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்களின் கணக்கு. மேலே '105 டிகிரி, 2,000 மணி' என்று அச்சிட்ட கப்பாசிட்டர், பெட்டிக்குள் 65 டிகிரியில் இருந்தால் சுமார் 32,000 மணி நேரம் வரும். தினம் நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்கும் வீட்டில் அது 20 ஆண்டுக்கு மேல். அதே இடத்தில், அதே 2,000 மணி அச்சிட்ட 85 டிகிரி கப்பாசிட்டரைப் போட்டிருந்தால் ஐந்தரை ஆண்டில் கதை முடிந்தது. ஒரு கப்பாசிட்டரில் மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்தான் இந்த 15 ஆண்டைத் தின்கிறது.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் கெட்டுப்போன கப்பாசிட்டரை அடையாளம் காண்பது எளிது. தட்டையாக இருக்க வேண்டிய தலை வடையாட்டம் உப்பியிருக்கும். சிலவற்றின் காலடியில் பழுப்புக் கசிவு காய்ந்து ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரில் விடாத உறுமல் கேட்பது இதன் அறிகுறி. வால்யூம் திருகும்போது வரும் கரகரப்பு இதனோடு சேர்ந்ததல்ல: குமிழின் உள்ளே தூசி, அவ்வளவுதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து 20 முறை முன்னும் பின்னும் திருகினால் பெரும்பாலும் சரியாகும். ஒரு பக்கம் விட்டுவிட்டு ஒலித்தால் ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே சுவிட்சின் முனைகள் கறுத்திருக்கலாம். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இது சீக்கிரமே வரும். பல்லியும் கரப்பானும் காற்றுத்துளை வழியே கதகதப்பைத் தேடி நுழைந்து, மின்சாரப் பலகையில் குறுக்குச்சுற்று உண்டாக்குவதும் நம் வீடுகளுக்கே உரிய பழுது.

உதிரிப்பாகம்

தனித்தனி டிரான்சிஸ்டர் கொண்ட சுற்றே நீண்ட நாளுக்கு நல்லது. ஒன்று போனாலும் அதற்கு ஈடான இன்னொன்றைப் போடலாம். 2என்3055 போன்ற பழைய வகைகூடச் சென்னை ரிச்சி தெருவில் இன்றும் கிடைக்கிறது. ஒரே கட்டியாக வரும் எஸ்டிகே வகை ஐசி உள்ள பழைய செட்டுகளில்தான் சிக்கல். அவற்றைச் செய்த சான்யோவின் குறைகடத்திப் பிரிவு 2011-இல் கைமாறிவிட்டது. சந்தையில் போலிகள் மலிந்துள்ளன. போலியைப் போட்ட செட் ஒரே மாதத்தில் திரும்பவும் மெக்கானிக் மேசைக்கு வரும், சில சமயம் ஸ்பீக்கரையும் எரித்துவிட்டு.

சின்ன கிளாஸ்-டி பெட்டிகள்

கிளாஸ்-டி வகைக் கையடக்க ஆம்ப்ளிஃபையர்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சூடு குறைவு, ஒலியும் பல வேளை நன்றாகவே உள்ளது. இவற்றில் அடாப்டரைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 24 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தருவது மொத்தம் 72 வாட். அதை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு 100 வாட் தொடர்ந்து வராது. அடாப்டர் கெட்டால் மாற்றலாம். உள்ளே சிப் போனால் பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற வேண்டும்.

பழையது வாங்கும்போது

நல்ல நிறுவனம் செய்த 30 ஆண்டுப் பழைய செட், அதே விலைக்கு வரும் பல புதியவற்றைவிட மேல். முதலில் பின்பக்கச் சீட்டைப் படிக்க வேண்டும். ஜப்பான் நாட்டு விற்பனைக்கென்று செய்தவை 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான். அவற்றுக்குத் தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அடுத்து, ஸ்பீக்கரை மாட்டாமல், வால்யூமைக் குறைத்து வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் டிசி அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது. ரிலே உள்ள செட்டில் சுவிட்ச் போட்ட சில நொடியில் 'டக்' என்ற ஒலி வர வேண்டும். அரை மணி நேரம் ஓடவிட்டு மூடியின் இரு பக்கமும் கைவைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்தில் கோளாறு உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ளிஃபையரைத் திறந்த அலமாரியில், மேலே ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். அதன்மேல் துணி விரிக்காதீர்கள், செட்-டாப் பாக்ஸை ஏற்றாதீர்கள். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.