புளியந்தோப்பு 1921, இராயபுரம் 1933: அரசுப் பாதுகாப்பும் குடிகளின் பாதுகாப்பும்

சென்னை மாகாணத்தில் பயங்கரவாதமும் அதற்கான அரசின் எதிர்வினையும் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் நிகழ்ந்த ஆஷ் கொலையை மையமிட்டே அமைகின்றன. வடசென்னை அவற்றில் இடம்பெறுவது அரிது. அங்கு நிகழ்ந்த இருவேறு நிகழ்வுகளை அருகருகே வைத்து நோக்கினால், எவ்வகை வன்முறையை அரசு தனக்கெதிரான அச்சுறுத்தலாகக் கருதியது என்பது புலப்படும்.

1933இல் பஞ்சாபிலிருந்து வந்த புரட்சியாளர் குழுவொன்று உதகையில் வங்கியைக் கொள்ளையிட்டது. அடுத்த சில நாள்களில், இராயபுரம் கடற்கரையில் வெடிகுண்டைச் சோதித்தபோது ரோஷன்லால் மெஹ்ரா உயிரிழந்தார். தம்புச்செட்டித் தெருவில் காவலருடன் துப்பாக்கிச் சண்டை மூண்டது. சம்புநாத் ஆசாத் உள்ளிட்டோர் அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டனர். விரல்விட்டு எண்ணத்தக்க இளைஞர்களை ஒடுக்க அரசு காட்டிய விரைவு குறிப்பிடத்தக்கது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் புளியந்தோப்பு கண்ட வன்முறை இதனினும் பன்மடங்கு பெரிது. 1921இல் பக்கிங்காம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது, பணிக்குத் திரும்பிய ஆதிதிராவிடரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மாதக்கணக்கில் மோதல் நீடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் பலியாயின. எனினும் அரசு ஆவணங்களில் இது ‘கலகம்’ மட்டுமே. வீடிழந்தோரையே நகரைவிட்டு அப்புறப்படுத்தலாம் என்னும் யோசனை நீதிக்கட்சித் தலைவர் பி. தியாகராயரிடமிருந்தே எழுந்தது, எம்.சி. ராஜா அக்கட்சியிலிருந்து விலகியதற்கான காரணங்களுள் இந்நிகழ்வும் ஒன்று. குடிகள் அடைந்த அச்சம் பாதுகாப்புச் சிக்கலாக எண்ணப்படவே இல்லை.

சட்டங்களின் போக்கும் இத்தகையதே. 1918இல் அறிக்கையளித்த ரௌலட் குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரி உறுப்பினராக இருந்தார் என்பது பலரும் மறந்த செய்தி. ரௌலட் சட்டம் 1922இலேயே நீக்கப்பட்டது. ஆனால், சங்கங்களைச் சட்டவிரோதமென அறிவிக்க வழிசெய்த 1908ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் காலனிய ஆட்சிக்குப் பின்னரும் நிலைத்தது. 1950 மார்ச்சில் சென்னை அரசு அதனைக் கொண்டே மக்கள் கல்விச் சங்கத்தைத் தடைசெய்தது; அவ்வாண்டே அச்சட்டத்தைத் திருத்தவும் செய்தது. அத்தடையை எதிர்த்து வி.ஜி. ராவ் தொடுத்த வழக்கில், நீதிமன்ற விசாரணையின்றி நிர்வாகத்தின் மனநிறைவை மட்டுமே கொண்டு சங்க உரிமையைப் பறிப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என 1952 மார்ச் 31 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வழங்கிய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியும் சென்னையில் வழக்குரைஞராக இருந்தவரே.