கரண்ட் கம்பெனியே மூடப்பட்டால் வீட்டில் லைட் எரியுமா? கட்டிய டெபாசிட் என்ன ஆகும்?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் 'கம்பெனியை மூடிட்டாங்க' என்பது புதுப் பேச்சு இல்லை. 2014 நவம்பர் 1-ம் தேதி நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. வேலை போனால் எதை யாரிடம் போய்க் கேட்பது என்பது இங்குள்ள பல குடும்பங்களுக்கு அத்துப்படி. ஆனால், வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பெனியே மூடப்பட்டால்?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையான கேள்வியாகப் படலாம். பிரிட்டனில் 2021 ஜூலைக்குப் பிறகு ஓராண்டுக்குள் சுமார் 40 லட்சம் வீடுகளுக்கு இது நடந்தது. இந்தியாவிலும், ஒடிசாவில், வேறு வடிவத்தில் நடந்திருக்கிறது.

பிரிட்டனில் என்ன ஆனது?

அங்கே கம்பி ஒருவருடையது, கரண்ட் விற்பவர் வேறொருவர். செல்போன் சிம் மாதிரி, வீட்டுக்காரர் விரும்பிய நிறுவனத்திடம் மின்சாரமும் எரிவாயுவும் வாங்கலாம். போட்டி வந்தால் விலை குறையும் என்று சிறு நிறுவனங்களுக்கும் தாராளமாக உரிமம் கொடுத்தார்கள். பல நிறுவனங்கள் பெரிய முதலீடு இல்லாமல், வாடிக்கையாளர்கள் முன்கூட்டியே கட்டிய பணத்தை வைத்தே வண்டி ஓட்டின.

2021-ல் எரிவாயுவின் மொத்த விலை கிடுகிடுவென ஏறியது. 'ஓராண்டுக்கு ஒரே விலை' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்கான எரிவாயுவை முன்பே வாங்கி வைக்காத நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. மொத்தம் 29. அதில் ஆவ்ரோ எனர்ஜிக்கு மட்டும் 5.8 லட்சம் வீடுகள். பல்ப் எனர்ஜி இன்னும் பெரியது, சுமார் 16 லட்சம் வீடுகள். அவ்வளவு பேரை வேறு நிறுவனம் ஒரேயடியாக ஏற்க முடியாது என்பதால், 2021 நவம்பரில் அரசுப் பணத்தில் சிறப்பு நிர்வாகி பல்ப்பை நடத்தத் தொடங்கினார். 2022 டிசம்பரில் அது ஆக்டோபஸ் எனர்ஜியின் கைக்குப் போனது.

லைட் மட்டும் எந்த வீட்டிலும் அணையவில்லை. 'கடைசிப் புகலிட விநியோகஸ்தர்' என்று ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. ஒரு நிறுவனம் விழுந்தால், ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் வேறொரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து வாடிக்கையாளர்களை அப்படியே ஒப்படைத்துவிடும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, புது நிறுவனம் தொடர்புகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும்.

அப்படியானால் சிக்கல் எங்கே வந்தது?

பணத்தில். கைவிடப்பட்ட வீடுகளின் நிலையைத் தொடர்ந்து கவனித்த 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' என்ற நுகர்வோர் அமைப்பு திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது மூன்று விஷயங்களை: பழைய நிறுவனத்தின் கடைசி பில் மாதக்கணக்கில் வராமல் இழுப்பது, அது வராததால் கணக்கில் மிச்சமிருந்த பணம் புது நிறுவனத்துக்கு மாறத் தாமதமாவது, பாக்கி வைத்திருந்தவர்களின் கதி.

இந்த மூன்றாவதுதான் கொஞ்சம் கொடுமை. வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு ஆஃப்ஜெம் பாதுகாப்பு கொடுத்தது. ஆனால் வாடிக்கையாளர் வைத்திருந்த கடன், திவாலான நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கிடப்பட்டு அதன் நிர்வாகியிடம் போகலாம். உரிமம் பெற்ற நிறுவனம் என்றால் 'உங்களால் மாதம் எவ்வளவு கட்ட முடியும்' என்று கேட்டுத் தவணை போட்டாக வேண்டும். நிர்வாகிக்கு அந்த உரிம விதிகள் பொருந்தாது. ஏற்கெனவே தவணையில் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மொத்தமாகக் கேட்டு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வார்கள்?

மலிவான பழைய ஒப்பந்தமும் கம்பெனியோடு போய்விட்டது. புது நிறுவனத்தில் அரசு நிர்ணயித்த உச்சவரம்பு விலைதான். சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த அந்த வரம்பு, 2022 ஏப்ரலில் 1,971 பவுண்டானது. பல்ப் தவிர்த்த மற்ற நிறுவனங்கள் விழுந்ததற்கான செலவு மட்டும் சுமார் 270 கோடி பவுண்டு என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2022-ல் கணக்கிட்டது. வீட்டுக்குச் சுமார் 94 பவுண்டு, அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 9,000 ரூபாய். அந்த நிறுவனங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வீடுகளின் பில்லிலும் இது ஏறியது.

ஒடிசா கதை

இந்தியாவில் மின் விநியோகத்தை முதலில் தனியாருக்குக் கொடுத்த மாநிலம் ஒடிசா. 1999-ல் மூன்று பகுதிகள் பிஎஸ்இஎஸ் நிறுவனத்துக்கும், புவனேஸ்வர், கட்டாக் அடங்கிய மத்தியப் பகுதி அமெரிக்காவின் ஏஇஎஸ் நிறுவனத்துக்கும் போயின. ஏஇஎஸ் வந்த இரண்டாவது மாதமே, அக்டோபர் கடைசியில், பெரும் புயல் அடித்தது. கம்பங்கள் சாய்ந்தன, வசூல் படுத்தது. 2001-ல் ஏஇஎஸ் கிளம்பிவிட்டது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்வாகியை நியமித்து விநியோகத்தைத் தொடர வைத்தது.

மற்ற மூன்று பகுதிகளின் உரிமத்தை (அதற்குள் அவை ரிலையன்ஸ் இன்ஃப்ராவிடம் இருந்தன) ஆணையம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. கடைசியில் 2020 ஜூன் முதல் 2021 ஏப்ரலுக்குள் நான்கு பகுதிகளும் டாடா பவர் கைக்கு வந்தன. பழைய பாக்கியை வசூலிப்பதும் அப்போது டாடாவுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்புகளில் ஒன்று. 'அந்தக் கம்பெனியே போயிடுச்சு, பாக்கியும் போயிடுச்சு' என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சரி, நம்ம ஊர்ல?

இங்கே பில்லில் இருக்கும் பெயர் பலமுறை மாறியிருக்கிறது. 1957-ல் தொடங்கிய மின்சார வாரியம், 2010-ல் டான்ஜெட்கோ ஆனது. 2024-ல் அதுவும் பிரிக்கப்பட்டு, வீடுகளுக்கு விநியோகம் செய்வது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்றானது. மக்கள் வாயில் இன்றும் 'ஈபி'தான். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் இருந்தாலும் பின்னால் மாநில அரசு நிற்பதால், பிரிட்டன் நிறுவனங்கள் போல ஒரே இரவில் கதவைச் சாத்தும் நிலை இங்கே இல்லை.

அப்படியும் சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. மின்சாரச் சட்டம் 2003-ன் 24-வது பிரிவின்படி, விநியோக நிறுவனம் கடமையைச் செய்யத் தவறினால் ஆணையம் அதன் உரிமத்தை ஓராண்டு வரை நிறுத்திவைத்து நிர்வாகியை நியமிக்கலாம். 47-வது பிரிவு, நுகர்வோரின் டெபாசிட்டுக்கு வங்கி விகிதத்துக்குக் குறையாமல் வட்டி தரச் சொல்கிறது. பழைய பாக்கியைப் பற்றியது 56-வது பிரிவு. பில்லில் தொடர்ந்து காட்டப்படாத பாக்கியை, கட்ட வேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கேட்டு இணைப்பைத் துண்டிக்க முடியாது. இதில் கவனிக்க வேண்டியது: தவறுதலாக விடுபட்ட தொகைக்குக் கூடுதல் பில் அனுப்பத் தடையில்லை, கட் செய்யத்தான் தடை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் விளக்கியிருக்கிறது.

இந்தப் பாதுகாப்பெல்லாம் 'நுகர்வோர்' என்று பதிவானவருக்கு. ஒரகடம், வல்லம், மாத்தூர், படப்பை பக்கம் லைன் வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களில் எத்தனை பேர் பெயரில் இணைப்பு இருக்கிறது? வீட்டு உரிமையாளர் பெயரில் ஓர் இணைப்பு, அறைக்கு ஒரு சப் மீட்டர், மாதக் கடைசியில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று கையில் காசு. டெபாசிட் உரிமையாளருடையது. 100 யூனிட் இலவசமும் இணைப்புக்குத்தான், அறைக்கு இல்லை. நிறுவனம் கைமாறும்போது பழைய பாக்கித் தகராறு வந்தால், ரசீதும் இல்லாமல் இருட்டில் உட்காரப்போவது குடியிருப்பவர்தான். பிரிட்டனில் வாடகைதாரரே பொதுவாக மின் நிறுவனத்தின் நேரடி வாடிக்கையாளர். அதனால் அங்கே நஷ்டப்பட்டவர்கள் யார் என்று கணக்கெடுக்க முடிந்தது.

என்ன வைத்திருக்க வேண்டும்?

சொந்த இணைப்பு உள்ளவர்கள்: மின் இணைப்பு எண், டெபாசிட் கட்டிய ரசீது, கடைசி சில பில்கள். நிறுவனத்தின் பெயர் மாறும் நாளில் மீட்டரைத் தேதி தெரியும்படி ஒரு போட்டோ. வாடகைக்கு இருப்பவர்கள் குடிவரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் சப் மீட்டர் ரீடிங்கை எடுத்து, உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பது நல்லது. கட்டும் பணத்தை ஜிபே-யில் கட்டினால் அதுவே ரசீது. புகார்களுக்கு மின்னகம் எண் 94987 94987. அங்கே தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேலே மின் குறைதீர்ப்பாளர்.

அடுத்து வரப்போவது

ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்கள் ஒரே கம்பியைப் பயன்படுத்த வழிசெய்யும் மசோதா 2022 ஆகஸ்ட்டில் மக்களவையில் அறிமுகமாகி, நிலைக்குழுவுக்குப் போய், நிறைவேறாமலே முடிந்தது. 2025 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் வெளியிட்ட புதிய வரைவில் அதே யோசனை திரும்ப வந்திருக்கிறது. அதில், ஒரு மெகாவாட்டுக்கு மேல் வாங்கும் பெரிய நுகர்வோருக்குக் கட்டாயம் கரண்ட் கொடுக்கும் பொறுப்பிலிருந்து விநியோக நிறுவனத்தை விடுவிக்கவும், அவர்கள் வெளியே செய்துகொண்ட ஏற்பாடு கைவிட்டால் கூடுதல் விலையில் கரண்ட் கொடுக்க 'கடைசிப் புகலிட' நிறுவனம் ஒன்றை நியமிக்கவும் இடமிருக்கிறது. ஒரகடம் சிப்காட்டின் பெரிய ஆலைகள் அந்த வரம்புக்குள் வரும். ஆலைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகள் வராது.