ஆசிரியர்களை உருவாக்கிய ஆசிரியை

வளர்ந்தோர் கல்வி பற்றிப் பேசும்போது எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றார்கள் என்றே கேட்கிறோம். பகலெல்லாம் தமது தொழிலைச் செய்துவிட்டு இரவில் அவர்களுக்குக் கற்பித்தவர்கள் யார், அந்த ஆசிரியர்களைப் பயிற்றியவர் யார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பொறுத்தவரையும் இதுவே நிலை. ஊர்வலங்களும் மேடை உரைகளும் உலகப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தன. அவற்றுக்கு ஆளணி சேர்த்த இரவுப் பாடசாலைகள் செய்தியாகவில்லை. பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் கழித்தவன் என்ற வகையில், செய்தியாகாத இந்தப் பக்கமே என்னை அதிகம் கவர்கிறது.

அதன் மையத்தில் நின்றவர் செப்டிமா கிளார்க். 1898ஆம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்ரன் நகரில் பிறந்தவர். அந்நகரின் அரச பாடசாலைகளில் கறுப்பின ஆசிரியர்கள் அன்று நியமிக்கப்படாமையால், 1916இல் அருகிலுள்ள ஜோன்ஸ் தீவில் கற்பிக்கத் தொடங்கினார். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கத்தில் அரச ஊழியர்கள் உறுப்பினராக இருத்தலாகாது என 1956இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. உறுப்புரிமையைக் கைவிட அவர் மறுத்தார். நாற்பது ஆண்டு காலச் சேவை ஓய்வூதியமுமின்றி முடிவுக்கு வந்தது. அப்போது அவரை அழைத்துப் பொறுப்புக் கொடுத்தது, டென்னசி மலைப்பகுதியில் 1932ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த ஹைலாண்டர் மக்கள் பாடசாலை.

குறிப்பிட்ட பெறுமதியுள்ள சொத்து இல்லாத ஒருவர் வாக்காளராகப் பதிவதற்கு, மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அன்று தென் கரோலினாவின் விதி. ஜோன்ஸ் தீவிலிருந்து தொழிலாளரைத் தமது பஸ்ஸில் நகருக்கு ஏற்றிச் சென்ற ஈசா ஜென்கின்ஸிடம், தனக்கு வாசிக்கக் கற்றுத் தருமாறு ஒரு பெண் கேட்டார். அந்த வேண்டுகோளிலிருந்தே 1957 ஜனவரியில் முதலாவது குடியுரிமைப் பாடசாலை பிறந்தது. முன்புறத்தில் கூட்டுறவுக் கடை, பின்புறத்தில் வகுப்பு. வெள்ளையரின் கண்களில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு.

ஆசிரியராகத் தெரிவானவர் சிகை அலங்காரமும் தையலும் செய்துவந்த பேர்னிஸ் றொபின்சன். பட்டம் பெற்ற ஆசிரியர்கள் இருக்க இவர் ஏன்? காரணங்கள் இரண்டு. அரச ஆசிரியரின் வேலையை வெள்ளையர் பறித்துவிடலாம். கறுப்பினப் பெண்களை வாடிக்கையாளராகக் கொண்டவரின் தொழிலை அவ்வளவு இலகுவில் பறிக்க முடியாது. அத்துடன், பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பழகியவர் முதியவர்களையும் பிள்ளைகளாகவே நடத்திவிடக்கூடும். ஆரம்பப் பாடசாலை நூல்களுடன் வகுப்புக்குச் சென்ற றொபின்சன், அவை பொருந்தா எனக் கண்டு ஒதுக்கிவிட்டு, உங்களுக்கு என்ன தேவை என்று மாணவர்களையே கேட்டார். பெயரை எழுத வேண்டும், காசுக்கட்டளைப் படிவம் நிரப்ப வேண்டும், வாக்காளர் பதிவுக்குரிய பகுதியை வாசிக்க வேண்டும். அவர்கள் கூறிய பதில்களே பாடத்திட்டமாயின.

ஒரு வகுப்பில் கண்டதைப் பல மாநிலங்களுக்கும் கொண்டுசெல்வதற்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். 1959இல் ஹைலாண்டர் பாடசாலையில் பொலிஸார் புகுந்து கிளார்க்கைக் கைது செய்தனர். 1961இல் அதன் அனுமதிப் பத்திரம் ரத்தாயிற்று. திட்டமோ அழியவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு அதைப் பொறுப்பேற்க, ஜோர்ஜியா மாநிலத்தின் மக்கின்ரொஷ் ஊரிலிருந்த டோர்செஸ்டர் நிலையத்தில் பயிற்சி தொடர்ந்தது. டொறத்தி கொட்டன், அன்ட்ரூ யங் ஆகியோர் கிளார்க்குடன் இணைந்தனர்.

விவசாயிகளும் வீட்டுப் பணிப்பெண்களும் ஐந்து நாள் பயிற்சிக்காக அங்கு வந்தார்கள். சத்தமாக வாசிக்கவும் கரும்பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும்; பட்டம் கேட்கப்படவில்லை. வாக்குப் பதிவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டமையால், அவரவர் மாநிலச் சட்டமே அவரவருக்குப் பாடமாகியது. ஊர் திரும்பியதும் அவர்கள் தேவாலயத்திலோ வீட்டிலோ வகுப்புத் தொடங்கினர். இதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. 1963 ஜூன் மாதம் இத்தகைய பயிற்சியொன்றிலிருந்து திரும்பிய ஃபனி லூ ஹேமர், மிசிசிப்பியின் வினோனா ஊரில் கைதாகிச் சிறையில் கொடூரமாகத் தாக்கப்பட்டார்.

தலைமை எல்லோருக்கும் பழக வேண்டிய ஒன்று என்பது கிளார்க்கின் கொள்கை. ஊர்வலங்களைத் தாமே நடத்தாமல் பிறரையும் நடத்தவிடுமாறு அவர் கிங்குக்குக் கடிதம் எழுதினார். அது வாசிக்கப்பட்டபோது அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள் என்று பின்னாளில் அவரே கூறியுள்ளார். எழுதப்படிக்கத் தெரியாதவரை மதித்த ஓர் இயக்கத்துக்குள்ளேயே பெண்ணின் சொல் மதிக்கப்படவில்லை.

1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுச் சோதனைகளை இடைநிறுத்தியது. கிளார்க்கின் ஓய்வூதிய உரிமை 1976இல்தான் மீண்டது. 1987இல் அவர் காலமானார்.

வளர்ந்தோருக்குக் கற்பிப்போரைப் பயிற்றுவதற்கு இன்று பாடநெறிகளும் சான்றிதழ்களும் மலிந்துள்ளன. அவை வேண்டாதவை அல்ல. ஆயினும் கற்க வந்தவரின் தேவையைக் கேட்டறிந்து அதையே பாடமாக்குதல், தம் அயலவர் மத்தியில் வாழ்பவரையே ஆசிரியராக்குதல் என்ற இரண்டும் அவற்றில் எத்தனையில் இடம்பெறுகின்றன? ஜோன்ஸ் தீவின் கடைப் பின்னறையில் கிடைத்த விடையைப் பாடநெறி வகுப்போர் ஒருமுறை படித்துப் பார்ப்பது பயன் தரும்.