வீரரை வணங்குவதா, வீரரிடம் பயில்வதா?

ஏகலைவன் துரோணரின் உருவத்தை மண்ணாற் செய்து வணங்கினான். வணங்கியதனால் மட்டும் வில்வித்தை கைவரவில்லை. நாள்தோறும் எய்து பழகியதனாலேயே கைவந்தது. இன்று நம் பதுளைத் தோட்டங்களின் லயன் வீடுகளிலும் விளையாட்டு வீரரின் படங்கள் தொங்குகின்றன. விளையாட்டையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டும் அவர்களைச் சிறுவர்க்கு முன்மாதிரியாகக் காட்டலாமா? ஆகாது என்பர் பெரியோர் சிலர். ஆகும் என்பர் இளைஞர் பலர். வரலாற்றிலிருந்து இருவரை எடுத்து ஆராய்வோம்.

முதல்வர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 மே மாத இறுதியில் இலங்கைத் தமிழர் இனக்கலவரத்தில் உயிரும் உடைமையும் இழந்தனர். ஏறக்குறைய அதே நாட்களில் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், உயரம் பாய்தலில் அவர் இலங்கைக்குத் தங்கப்பதக்கம் ஈட்டிக் கொடுத்தார். விளையாட்டு அவருக்குத் தொழிலன்று. பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்விப்பணி ஆற்றினார்.

மற்றவர் முத்தையா முரளிதரன். இவருக்கோ விளையாட்டே தொழில். இவருடைய பாட்டனார் 1920 இல் தென்னிந்தியாவிலிருந்து மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அவ்வாறு வந்த மக்களுட் பெரும்பாலாரை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1995 இல் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டாரல் ஹெயர், முரளிதரனின் பந்துவீச்சு முறையற்றதென ஏழு முறை அறிவித்தார். அவர் மனம் தளரவில்லை, ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கு உடன்பட்டார், பயிற்சியை விடவில்லை. 2010 இல் காலியில் தமது 800 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார்.

ஆயினும் அவருடைய அரசியற் கருத்துகள் தமிழர் பலரைப் புண்படுத்தின. அவர் வாழ்க்கையைக் கூறும் திரைப்படத்துக்கு 2020 இல் தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. நடிகர் விஜய் சேதுபதி அதிலிருந்து விலகினார். பந்தைச் சுழற்றத் தெரிந்தவர் எல்லாப் பொருளிலும் வழிகாட்ட வல்லவர் என்று கொள்வதனாலேயே இத்தகைய ஏமாற்றம் பிறக்கின்றது.

ஆகவே, தொழில்முறை வீரரை ஒதுக்கவும் வேண்டா. தெய்வமாக்கவும் வேண்டா என்பதே நம் கருத்து. இகழ்ச்சியில் தளராமையையும் இடையறாப் பயிற்சியையும் அவரிடம் சிறுவர் கற்கட்டும். ஒழுக்கத்துக்கும் வாழ்க்கைக்கும் முன்மாதிரி அருகிலேயே உண்டு. விடியலில் பெரட்டுக்குச் சென்று, கொழுந்துக் கூடையுடன் மலையேறிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் தாயை எந்தச் சுவரில் மாட்டினோம்?

மேலும், முரளிதரன் போன்றார் ஒரு தலைமுறைக்கு ஒருவரே தோன்றுவர். ஏனைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே ஏணி. ஆதலின் சங்க இளைஞரே, சிறுவர் கையில் வீரரின் படத்தை மட்டும் கொடுத்து அமையாதிருப்போம். விளையாடப் பந்தும், படிக்க மாலை வகுப்பும் கொடுப்போம். பெரியோர் இதற்குத் துணைநிற்பாராக!